மூன்று ரசீதுகளும் ஓர் அறிக்கையும்



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று என்னை நெடுநேரம் எண்ண வைத்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். அவருடைய மகள் கணிப்பொறியியல் படித்துத் தேறி, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியில் சேர்ந்து ஆறு திங்களாகின்றன. "புதிய செயலிகளை ஆக்கும் குழுவில் இடம் கிடைக்கும் என்று நம்பிச் சென்றாள். அவளை ரிப்போர்ட் தயாரிக்கும் வேலையில் அமர்த்தியிருக்கின்றனர். அது எடுபிடி வேலை என்று உடன் பணிபுரிவோர் நகைக்கின்றனராம். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழுகிறாள். இது கற்கத் தகுந்த தொழில்தானா? தகுந்ததாயின் எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

அப்பெரியவருக்குத் தனியே பதில் எழுதிவிட்டேன். ஆயினும் நம் பங்குக் குடும்பங்களில் பிள்ளைகளைக் கணிப்பொறித் துறைக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று விளங்காமல் இருக்கும் பெற்றோர் பலர் உண்டு. அவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். நானும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலையில் உழன்றவன். இவ்வேலையில் நான் இழைத்த ஒரு பிழையைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. அதற்கு முன் ஓரிரு சொல்.

அறிக்கை என்பது யாது? மின் கட்டணச் சீட்டு ஓர் அறிக்கை. பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் ஓர் அறிக்கை. வங்கியில் கணக்குப் புத்தகத்தை இயந்திரத்தில் நுழைத்தால் அச்சாகி வரும் வரிகளும் அறிக்கையே. மென்பொருளின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை நம்மில் எவரும் காண்பதில்லை. அது அச்சிட்டுத் தரும் தாளைத்தான் காண்கிறோம். அதை நம்பித்தான் பணம் கட்டுகிறோம், அதைக் காட்டித்தான் வழக்காடுகிறோம்.

கணிப்பொறியின் குடும்பத்தில் அறிக்கையே மூத்த பிள்ளை எனலாம். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் என்பவரின் துளையட்டை இயந்திரங்கள் பயன்பட்டன. அவை செய்த வேலை எண்ணுதலும் தொகுத்தலுமே. 1959இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் 1401 கணிப்பொறிக்கென ஆர்.பி.ஜி. என்றொரு மொழியை வெளியிட்டது. அம்மூன்று எழுத்துகளின் பொருளே அறிக்கை நிரலை ஆக்கித் தருவது என்பதாகும். கோபோல் மொழியிலும் அறிக்கைக்கென்றே தனிப் பகுதி ஒன்று உண்டு. நான் கல்லூரியில் படித்த காலத்தில் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்னும் கருவி விஷுவல் பேசிக்கோடு சேர்ந்து வந்தது. எங்கள் தலைமுறையினர் பலர் அதில்தான் கைபழகினோம். இப்போது அது பல கைகள் மாறி எஸ்.ஏ.பி. நிறுவனத்திடம் இருக்கிறது. 2001இல் தியோடர் டான்சியூ என்பவர் தொடங்கிய ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ், ஜாவா மொழியில் எழுதப்படும் செயலிகளுக்குள் இணைத்துக்கொள்ளக் கூடியது. மூலநிரலோடு இலவசமாகக் கிடைப்பது. ஆசிரியரின் மகளுக்கு அளிக்கப்பட்டிருப்பதும் அதுவேயாம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2009ஆம் ஆண்டு. தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு மாணவியர் விடுதி. அதன் பெயர் வேண்டா. விடுதிக் கட்டணக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றித் தரும் பணியை எங்கள் சிறு குழு ஏற்றிருந்தது. நிலுவைப் பட்டியல் ஆக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. எந்த மாணவி எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஓர் அட்டவணையில் இருந்தது. எழுதப்பட்ட ரசீதுகள் யாவும் மற்றோர் அட்டவணையில் இருந்தன. இரண்டையும் மாணவியின் எண்ணைக் கொண்டு இணைத்தேன். கட்டணத்தைக் கூட்டினேன், ரசீதுத் தொகையைக் கூட்டினேன், முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தேன். அரை நாள் வேலை. நான்கைந்து பெயர்களைப் பொறுக்கிச் சரிபார்த்தேன், பிழையில்லை. மொத்தத் தொகையும் பொறுப்பாளர் எதிர்பார்த்ததற்கு அருகிலேயே இருந்தது.

செயலியில் ஒரு பொத்தானை வைத்து அறிக்கையை அதனோடு இணைத்தேன். அழுத்தினால் பட்டியல் வரும். அடுத்த பொத்தானை அழுத்தினால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெற்றோருக்கும் அறிவிப்புக் கடிதம் அச்சாகும். அரையாண்டு விடுமுறைக்கு முன்னர் கடிதங்கள் அஞ்சலில் போயின. என்னை எல்லாரும் பாராட்டினர். எனக்கும் பெருமிதம்தான், அதை மறைப்பானேன்?

விடுமுறை முடிந்து விடுதி திறந்த நாளில் நான் வேறு வேலையாக அங்குச் சென்றிருந்தேன். அலுவலக வாயிலில் ஒரு தாய் நின்றிருந்தார். பீடி சுற்றிப் பிழைப்பவர். 18,000 ரூபாய் நிலுவை என்று அவருக்குக் கடிதம் போயிருந்தது. காதுக் கம்மலை அடகு வைத்து 5,000 ரூபாய் கொண்டுவந்திருந்தார். மீதிக்குத் தவணை கேட்டார். பணத்தை எண்ணிக் கொடுத்து முடித்த பிறகே, ரேஷன் கார்டு வைத்திருந்த பையிலிருந்து மூன்று ரசீதுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஐயா, மூணு தடவையா ஒன்பதாயிரமும் கட்டிட்டேனே. இது எந்தக் கணக்குல சேரும்?"

பொறுப்பாளர் கணிப்பொறியைப் பார்த்தார். அது மீண்டும் 18,000 என்றே சொல்லிற்று. சென்ற ஆண்டுகளின் பாக்கியாக இருக்கலாம் என்றார் அவர். நானும் தலையசைத்தேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தத் தலையசைப்பை நினைத்தால் எனக்கு நாணமாக இருக்கிறது.

அவ்விடுதியில் கணக்கர் ஒருவர் இருந்தார். வயதானவர். கணிப்பொறி வந்த பின்னும் பேரேட்டைக் கையால் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. இரட்டை வேலை என்று நாங்கள் கேலி பேசுவதுண்டு. அவர் பேரேட்டைக் கொண்டுவந்து விரித்தார். அந்த மாணவியின் பக்கத்தில் பாக்கி ஏதுமில்லை. பிறகு என் பட்டியலை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். கால் மணி நேரமாயிற்று.

"தம்பி, தவணையா கட்டினவங்க அத்தனை பேரும் இதுல இருக்காங்க. ஒரு பைசா கட்டாதவங்க ஒருத்தர்கூட இல்லையே. அது எப்படி?" என்றார்.

எப்படி என்பதை வாசகர்களும் ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்க்கலாம். ஐந்து மாணவியர் என்று கொள்வோம். ஆண்டுக் கட்டணம் ஆளுக்கு 9,000 ரூபாய். முதலாமவள் ஒரே ரசீதில் 9,000 கட்டிவிட்டாள். இரண்டாமவள் ஒரே ரசீதில் 4,500 கட்டியிருக்கிறாள். மூன்றாமவள் மூவாயிரம் மூவாயிரமாக மூன்று ரசீதுகளில் 9,000 கட்டிவிட்டாள். நான்காமவளும் ஐந்தாமவளும் இன்னும் ஒன்றும் கட்டவில்லை. உண்மையான நிலுவை இரண்டாமவளிடம் 4,500. நான்காமவளிடமும் ஐந்தாமவளிடமும் 9,000 வீதம். ஆக மொத்தம் 22,500.

இப்போது கணிப்பொறி செய்வதைப் பாருங்கள். இரண்டு அட்டவணைகளை இணை என்று சொன்னால், அது ஒவ்வொரு ரசீதையும் எடுத்து அதன் அருகே அம்மாணவியின் கட்டணத்தை எழுதிக்கொள்ளும். மூன்றாமவளுக்கு மூன்று ரசீதுகள். ஆகவே 9,000 என்னும் கட்டணம் மூன்று முறை எழுதப்படும். கூட்டினால் 27,000. கட்டியது 9,000. நிலுவை 18,000! நான்காமவளுக்கும் ஐந்தாமவளுக்கும் ரசீதே இல்லை. ஆகவே எழுத வரியும் இல்லை. அவர்கள் பட்டியலிலிருந்தே மறைந்துபோவார்கள். முதல் இருவருக்கும் ரசீது ஒன்றே ஆகையால் கணக்குச் சரியாக வரும். நான் சோதித்துப் பார்த்த பெயர்கள் எல்லாம் அத்தகையவர்களே.

அறிக்கையின் மொத்தம் என்ன? 4,500உம் 18,000உம் சேர்ந்து 22,500. உண்மையான மொத்தமும் அதுவே! இந்த எடுத்துக்காட்டில் எண்களை நான் அவ்வாறு அமைத்தேன் என்பது மெய்தான். ஆனால் விடுதியிலும் கிட்டத்தட்ட இதுவே நடந்தது. மிகுதியாக வந்த பிழையும் குறைவாக வந்த பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன.

இத்தொழிலில் இதற்கு ஃபேன் டிராப் என்று பெயர். ஒன்றிலிருந்து பல கிளைகள் விசிறிபோல் விரியும் இடத்தில், அந்த ஒன்றின் தொகையைக் கூட்டினால் விழும் பொறி. பாடநூல்களில் இருப்பதுதான், நானும் தேர்வில் எழுதியதுதான். ஆனால் அது யாரைப் பிடிக்கும் என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. கையில் பணம் உள்ளவர் ஒரே முறையில் கட்டிவிடுவார். அவருக்கு ஒரு ரசீது. இல்லாதவர் ஆட்டை விற்றும் சீட்டு எடுத்தும் சிறுகச் சிறுகக் கட்டுவார். அவருக்கு மூன்று ரசீதுகள். என் அறிக்கை அவர்களை மட்டுமே தேடிப் பிடித்துக் கடன்காரர் ஆக்கியது.

அன்று மாலையே 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தனர். அத்தாய் கம்மலை மீட்க மீண்டும் பேருந்தேறிப் போனார். அன்றைய கூலியும் போயிற்று. கடிதம் பெற்ற மற்றவர்களுக்கு விடுதியிலிருந்து ஆள் போய் நேரில் வருத்தம் தெரிவித்தனர். இரண்டு மாணவியர் விடுமுறை முடிந்தும் திரும்பியிருக்கவில்லை. கடிதத்தைக் கண்டு, கட்ட வழியில்லை என்று வீட்டில் நிறுத்திவிட்டனர். ஒருத்தியை அழைத்து வந்தோம். மற்றவள் அதற்குள் திருப்பூர்ப் பக்கம் பஞ்சாலை வேலைக்குப் போய்விட்டிருந்தாள். அவள் திரும்பவில்லை.

ஆசிரியப் பெருந்தகையே, உங்கள் மகளைப் பார்த்து நகைப்பவர்களுக்கு இதைச் சொல்லச் சொல்லுங்கள். செயலியின் மற்ற பகுதிகளில் பிழை நேர்ந்தால் திரை நின்றுவிடும். சிவப்பு எழுத்தில் ஏதேனும் தோன்றும். அறிக்கையில் நேரும் பிழையோ, ஒழுங்கான கட்டங்களுக்குள், அழகிய எழுத்தில், அடியில் கூட்டுத்தொகையோடு அச்சாகி வரும். அதை எவரும் ஐயுறார்.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்னும் கேள்விக்கு வருவோம்.

மகளே, கருவியைத் திறப்பதற்கு முன் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள். நிலுவை என்றால் எந்த நாள் வரை? சென்ற ஆண்டுப் பாக்கி சேருமா? திரும்பிவந்த காசோலைக்கு எழுதிய ரசீது கணக்கில் உண்டா? பாதியில் நின்றுவிட்ட மாணவி பட்டியலில் வருவாளா? இவற்றுக்கு விடை உன் மேலாளரிடம் இராது. பேரேடு எழுதுகிறவரிடம் இருக்கும். அவரோடு ஒரு பொழுது உட்கார்ந்திரு. கையால் எழுதிய பழைய பட்டியல் ஒன்றைக் கேட்டு வாங்கு. என் தவற்றின் வேர் இங்கேதான் இருந்தது: அக்கணக்கரை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்து, எஸ்.க்யூ.எல். மொழி. இதில் ஆழம் கண்டால் அறிக்கை வேலையில் பெரும்பகுதி முடிந்த மாதிரி. பயிற்சிக்கு நார்த்விண்ட் என்னும் மாதிரித் தரவுத்தளம் நல்லது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பயிற்சிக்காக ஆக்கிய, கற்பனையான உணவுப் பொருள் வணிக நிறுவனம் ஒன்றின் கணக்கு அது. அதில் ஆணைகள் ஓர் அட்டவணை. ஒவ்வோர் ஆணையிலும் அடங்கிய பொருள்கள் மற்றோர் அட்டவணை. சரக்குக் கூலி ஆணையின் வரியில் இருக்கிறது. இரண்டையும் இணைத்துச் சரக்குக் கூலியைக் கூட்டிப் பார். இணைக்காமலும் கூட்டிப் பார். இரண்டும் ஒவ்வாதிருக்கும். ஏன் ஒவ்வவில்லை என்பதை ஓர் ஆணையை மட்டும் எடுத்துத் தாளில் எழுதிக் கண்டுபிடித்துவிட்டாயானால், நான் ஒரு தாயின் கம்மலைக் கொண்டு கற்ற பாடத்தை நீ செலவின்றிக் கற்றவள் ஆவாய்.

விடுதிப் பட்டியலுக்கு மருந்து எளிது. முதலில் ரசீதுகளை மட்டும் மாணவிவாரியாகக் கூட்டி, ஆளுக்கு ஒரு வரியாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அதைக் கட்டண அட்டவணையோடு இணைக்க வேண்டும். அதுவும் இன்னர் ஜாயின் ஆகாது. ரசீது இல்லாதவர்களையும் விட்டுவிடாத லெஃப்ட் ஜாயின் வேண்டும். இவ்விடத்தில் மற்றொரு பள்ளம் இருக்கிறது. ரசீதே இல்லாத மாணவி கட்டியது சுழியம் என்று கணிப்பொறி கொள்ளாது. தெரியாது என்று கொள்ளும். நல் என்பது அதன் பெயர். 9,000இலிருந்து தெரியாததைக் கழித்தால் விடையும் தெரியாததே. பட்டியலில் பெயர் வரும். நிலுவைக் கட்டம் வெறுமையாக இருக்கும். நல் என்பதைச் சுழியமாக மாற்றிய பின்னரே கழிக்க வேண்டும்.

நாள் குறித்தும் ஒரு சொல். மார்ச்சு 1 முதல் 31 வரை என்று கேட்டால், நேரத்தோடு பதிவான ரசீதுகளில் 31ஆம் நாள் நள்ளிரவு பிறந்த கணத்துக்குப் பிறகு எழுதியவை எல்லாம் விடுபட்டுப் போகும். ஏனெனில் வெறும் நாளைக் கணிப்பொறி அந்நாளின் தொடக்கம் என்றே படிக்கிறது. ஏப்ரல் 1ஆம் நாளுக்கு முன் என்று கேட்பதே சரி. ஆண்டுக் கணக்கு முடிகிற அந்தக் கடைசி நாளில்தான் வசூல் மிகுதி என்பதை எந்த அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

அதன் பிறகு கருவி. இதில் நான் அதிகம் தங்கப் போவதில்லை. ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸுக்கு அறிக்கையை வரைய ஜாஸ்பர்சாஃப்ட் ஸ்டுடியோ என்னும் கருவி உண்டு. நூலகங்களில் உள்ள பழைய நூல்கள் ஐரிப்போர்ட் என்பதைச் சொல்லும். அது 2015ஆம் ஆண்டோடு நின்றுபோனது, அதைத் தேடி அலைய வேண்டா. ஓர் அறிக்கைத் தாள் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதற்பக்கத் தலைப்புக்கு ஒரு பட்டை. ஒவ்வொரு பக்கத்தின் தலைக்கும் அடிக்கும் ஒவ்வொன்று. தரவின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை அச்சாகும் விவரப் பட்டை ஒன்று. வகுப்புவாரியாகத் தொகுத்தால் வகுப்பின் தலைக்கும் அடிக்கும் தனித்தனியே. இறுதியில் மொத்தத்துக்கு ஒன்று. தொடக்கக்காரர் இடறுகிற இடங்கள் இரண்டு. வகுப்புவாரியாகத் தொகுக்கும்போது தரவும் வகுப்புவாரியாக வரிசைப்பட்டு வர வேண்டும். இல்லையேல் ஒரே வகுப்பின் தலைப்பு பத்து முறை அச்சாகும். அடிக்கூட்டு எந்த இடத்தில் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் நாமே குறிக்க வேண்டும். மறந்தால் இரண்டாம் வகுப்பின் கூட்டில் முதல் வகுப்பும் சேர்ந்திருக்கும்.

எந்தப் பட்டையில் எதை வைத்தாலும், படிப்பவர் தாமே சரிபார்க்கத்தக்க எண்களை வை. என் பட்டியலில் பெயரும் நிலுவையும் மட்டுமே இருந்தன. தாள் அழகாக இருக்க வேண்டும் என்று மற்றவற்றை நீக்கியிருந்தேன். கட்டணம் 27,000, ரசீதுகள் 3, கட்டியது 9,000 என்ற மூன்று எண்களும் அருகே இருந்திருந்தால், பொறுப்பாளர் கடிதம் அனுப்பும் முன்னரே அந்த 27,000த்தைக் கண்டு திகைத்திருப்பார்.

தமிழில் அச்சிடுவோர்க்குத் தனித் தொல்லை ஒன்று. செல்வி என்று எழுதும்போது கொம்பு முன்னும் சகரம் பின்னும் நிற்கும். கணிப்பொறியின் சேமிப்பிலோ சகரம் முன், கொம்பு பின். அச்சிடும்போது அதை இடம் மாற்றித் தருவது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. பி.டி.எஃப். ஆக்கும் பழைய நிரல்களுக்கு இது தெரியாது. கொம்பு சகரத்தின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். திரையில் சரியாகத் தெரிந்ததே என்று இருந்துவிடாமல், கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகிய எழுத்துகள் வரும் பெயர்களைத் தாளில் அச்சிட்டுப் பார். நம்மவர் எண் எழுதும் முறையும் அவ்வாறே. நாம் 12,34,567 என்று எழுதுவதை, ஜாவாவின் வழக்கமான எண் வடிவமைப்பு 1,234,567 என்றே எழுதும். இலட்சத்தையும் கோடியையும் நம் முறையில் பிரிக்கத் தனியே ஏற்பாடு வேண்டும்.

இனிச் செயலியோடு இணைத்தல். அச்சகத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வரைந்த அறிக்கை ஒரு படிவம். அதை ஒரு முறை தொகுத்து அச்சுக்கு ஆயத்தமாக்கி வைத்துக்கொள்வர். பயனர் பொத்தானை அழுத்தும்போது செயலி அப்படிவத்தை எடுத்து, எந்த வகுப்பு, எந்த நாள் வரை என்னும் அளவுருக்களைக் கொடுத்து, தரவுத்தளத்தோடு சேர்த்து நிரப்பும். நிரம்பிய தாளைப் பின்னர் பி.டி.எஃப். ஆகவோ எக்செல் ஆகவோ வெளியிடும். படிவத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொகுக்கும்படி நிரல் எழுதுவோர் உண்டு; செயலி ஆமைபோல் நகரும். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே கேள்விக்குள் ஒட்டுவதும் பெருந்தவறு; தீயவன் ஒருவன் அதன் வழியே முழுக் கணக்கையும் உருவிவிடுவான். எந்த விடுதியின் கணக்கைக் காட்டலாம் என்பதைப் பயனர் அனுப்பும் எண்ணைக் கொண்டு முடிவு செய்யாமல், அவர் யாராக உள்ளே நுழைந்திருக்கிறார் என்பதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். பெரிய அறிக்கைகளை அலுவலக நேரத்தில் ஓடவிட்டால் கட்டணம் கட்ட வந்தவர்கள் வரிசையில் நிற்க நேரிடும். இரவில் ஓடவிடு, அல்லது தரவுத்தளத்தின் நகல் ஒன்றின்மேல் ஓடவிடு.

ஓர் இடத்தின் தரவு மற்றோர் இடத்து அறிக்கைக்குப் போகும்போது வழியில் என்ன நேரலாம் என்பதற்கு 2020இல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது சான்று. கொரோனாத் தொற்றுப் பரவிய காலம். பரிசோதனைக் கூடங்களிலிருந்து முடிவுகள் எளிய எழுத்துக் கோப்புகளாக வந்தன. அந்நாளில் இருந்த பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்னும் அமைப்பு அவற்றைத் தானியங்கு முறையில் எக்செல் கோப்புகளில் ஏற்றி, அங்கிருந்து மேலே அனுப்பி வந்தது. அக்கோப்புகள் எக்ஸ்.எல்.எஸ். என்னும் பழைய வடிவில் இருந்தன. அவ்வடிவில் ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. ஒவ்வொருவருக்கும் பல வரிகள் தேவைப்பட்டமையால், ஒரு கோப்பில் ஏறக்குறைய 1,400 பேருக்கே இடம் இருந்தது. மிஞ்சியவை ஓசையின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாட அறிக்கையில் இடம்பெறவில்லை. பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பிரிவுக்கு அப்பெயர்கள் உரிய நாளில் போய்ச் சேரவில்லை. அந்நாள்களில் அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், பெற்றோரைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

வந்த வரிகள் எத்தனை, அறிக்கைக்குள் சென்றவை எத்தனை என்று இரு எண்களை ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அன்றுமுதல் நான் ஆக்கும் ஒவ்வோர் அறிக்கையின் கடைசிப் பக்கத்திலும் இத்தகைய ஒரு வரி இருக்கும்: விடுதியில் உள்ள மாணவியர் இத்தனை, இந்த அறிக்கை கணக்கில் எடுத்துக்கொண்டவர் இத்தனை. 2009க்குப் பிறகே சிறிய அளவில் அப்பழக்கத்தைத் தொடங்கியிருந்தேன். 2020க்குப் பிறகு எவர் வேண்டா என்றாலும் விடுவதில்லை.

அந்தக் கணக்கர் இப்போது இல்லை. அவர் இருந்தவரையில், புதிய அறிக்கை ஒன்றை ஆக்கினால் முதலில் அவருக்குத்தான் அனுப்புவேன். அவர் கூட்டுத்தொகையைப் பார்க்கவே மாட்டார். பெயர்களைத்தான் படிப்பார். யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை. யார் இல்லை என்று மறுமுறை.

மகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்து முடிக்கிறேன். மேலே சொன்ன ஐந்து மாணவியரோடு ஆறாமவள் ஒருத்தியைச் சேர்த்துக்கொள். அவளுடைய தந்தை வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர். தவறுதலாக 10,000 கட்டிவிட்டார். அவளுடைய நிலுவை இப்போது சுழியத்துக்கும் கீழே 1,000. அப்படியே சேர்த்துக் கூட்டினால் விடுதிக்கு வர வேண்டிய மொத்தம் 21,500 என்று அறிக்கை சொல்லும். உண்மையில் வர வேண்டியது 22,500. திருப்பிக் கொடுக்க வேண்டியது 1,000. அவளைப் பட்டியலிலிருந்து நீக்கினால் அவளுடைய ஆயிரம் எவர் கண்ணிலும் படாமல் போகும். அறிக்கையை எங்ஙனம் அமைப்பாய்? தாளில் வரைந்து உன் தந்தையிடம் கொடு; அவர் எனக்கு அனுப்பட்டும். மற்ற வாசகர்களும் முயன்று பார்க்கலாம். வந்த விடைகளை அடுத்த இதழில் பார்ப்போம்.